பலகை எத்தனை அடி?

2019 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம், பினாங்கில் பாயா தெருபோங் பக்கம் மலைச்சரிவில் லாலாங் புல் பற்றிக்கொண்டது. நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் டெக்னீஷியன். மிச்ச நேரத்தில் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் இருப்பவன். எங்களுக்குப் பயிற்சி எல்லாம் வீட்டுத்தீ, கடைத்தீ, கேஸ் சிலிண்டர். மலையில் குழாய் எட்டவில்லை. தண்ணீர் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. நனைத்த கோணிச்சாக்கை எடுத்துக்கொண்டு, வேகமாக அணைத்துவிடலாம் என்ற நினைப்பில் தீக்கு மேலே ஏறி நின்று அடிக்கப் போனேன். கீழேயிருந்து ஒரு மூத்த போம்பா (தீயணைப்புத் துறை) அதிகாரி கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது.

அவர் பிறகு தேநீர்க்கடையில் உட்கார்ந்து விளக்கினார். தீ மேட்டை நோக்கித்தான் ஓடும். சரிவு பத்து டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேலே நிற்பவன் விறகு மாதிரி. பதினோரு வருடம் சீருடை போட்டிருந்தும் அன்றுதான் எனக்கு இது தெரிந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அதே சரிவுக்குப் போனேன். பச்சைப் பசேல் என்று இருந்தது. எல்லாம் லாலாங். அதன் கிழங்குத்தண்டு மண்ணுக்குள் இருப்பதால் மேலே எரிவது அதற்கு முடி வெட்டிக்கொள்வது போலத்தான். பக்கத்தில் நின்ற மரக்கன்றுகள் செத்துப்போக, இது மட்டும் இன்னும் அடர்த்தியாக வந்திருந்தது. அடுத்த வறட்சியில் மறுபடி எரியும், மறுபடி தளிர்க்கும். நாம் ஓடி ஓடி அணைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானா என்ற கேள்வி அங்கேதான் பிடித்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டம் வந்தது. பினாங்கில் பள்ளிகளை மூடினார்கள். 1997 புகைமூட்டம் பார்த்த வயதுதான் எனக்கு, ஆனால் இந்த முறை என் மகள் நெபுலைசர் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். எங்கள் மலையில் எரிவது ஜனவரி முதல் மார்ச் வரை. புகை வருவதோ தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்ராவிலிருந்து. இரண்டு வேறு தீ, இரண்டு வேறு காலம், ஆனால் இரண்டையும் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை.

சரி, தெரிந்தவர்களிடம் கேட்போம் என்று கடிதம் எழுத ஆரம்பித்தேன். குழுவின் முத்திரையோடு, நல்ல மலாயில், ஆங்கிலத்தில். அக்கரையில், இந்தோனேசியாவில், மூன்று அலுவலகங்கள், இக்கரையில் இரண்டு. ஒன்றிலிருந்து "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று பதில் வந்தது, அவ்வளவுதான். கோபம் வந்தது உண்மை. இப்போது யோசித்தால் அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆசியான் நாடுகள் புகைமூட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 2002இல், நம் கோலாலம்பூரில். இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்றுக்கொண்டது 2014இல். அரசுகளுக்கே பன்னிரண்டு ஆண்டு எடுத்த இடத்தில், யாரோ ஒரு டெக்னீஷியன் எழுதிய கடிதம் மூன்று வாரத்தில் வேலை செய்யுமா என்ன?

வேலை செய்தது தைப்பூசம். 2020இல் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் எங்கள் குழு முதலுதவிப் பந்தல் போட்டிருந்தது. சுமத்ராவின் மேடானிலிருந்து உறவுக்காரர் காவடிக்கு வந்திருந்த ஒரு பெரியவர் காலில் கொப்புளத்தோடு வந்து உட்கார்ந்தார். தமிழ் கொஞ்சம், இந்தோனேசிய மொழி நிறைய. மருந்து போட்டுக்கொண்டே பேச்சு கொடுத்தேன். அதே தீவில் ரியாவ் மாநிலத்தில் செம்பனைத் தோட்டத்தில் மேலாளராக முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றார். நான் வாய் தவறி, "அப்ப எங்களுக்குப் புகை அனுப்பறது நீங்கதானா அண்ணே?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, அந்தப் புகை முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வருது. மிச்சம்தான் உங்களுக்கு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதமே கோவிட் ஊரடங்கு. எல்லோரும் வீட்டில், எல்லோர் கையிலும் ஸூம். அவர் ரியாவில் உள்ள ஒரு கிராமத்தின் தீக்கண்காணிப்புக் குழுவைச் சேர்ந்தவர்களை அறிமுகப்படுத்தினார். 'மஷாரகாட் பெதுலி அப்பி' என்பார்கள், தீயைப் பற்றி அக்கறைப்படும் ஊர்க்காரர்கள் என்று பொருள். என் மனைவியின் தூரத்து உறவு வழியாக இலங்கை மலையகத்தில், பதுளைப் பக்கம், ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியை சேர்ந்தார். ஹவாய்க்கு மட்டும் சொந்தபந்தம் கிடையாது. அங்கே பசிபிக் ஃபயர் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு, தீ ஆராய்ச்சியைச் சின்னச் சின்னக் குறிப்புகளாக்கி ஹவாய்க்கும் குவாம், பலாவ் போன்ற தீவுகளுக்கும் கொடுக்கிறது. அவர்களுடைய குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு நான் ஒரு கேள்வி அனுப்ப, அங்கே காட்டிலாகா வேலை செய்யும் ஒரு பெண்மணி பதில் எழுதினார். ஒரே ஒரு கேள்வி, குறிப்பான கேள்வி: "எரிந்த சரிவில் புல்லுக்கு முன்னால் மரத்தை எப்படிக் கொண்டுவருவது?" மறுநாளே பதில். "இணைந்து செயல்பட விரும்புகிறோம்" என்று எழுதியிருந்தால் அதுவும் கிணற்றில் போட்ட கல்தான்.

இவர்கள் எல்லோரும் ஸூமில் ஒன்றாகச் சேர நேரம் பார்ப்பது பெரிய தலைவலி. பல சோதனைக்குப் பிறகு எங்களுக்குச் சனிக்கிழமை காலை 10 மணி என்று முடிவானது. அப்போது மேடானில் 9, பதுளையில் ஏழரை, ஹவாயில் இன்னும் வெள்ளி மாலை 4. அதைவிடப் பெரிய விஷயம், யாருக்கு எப்போது தீக்காலம் என்பது. எங்களுக்கு ஆண்டுத் தொடக்கம். ரியாவில் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு முறை, பிறகு ஜூன் தொடங்கி இன்னொரு முறை. பதுளை இருக்கும் ஊவா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர். ஹவாயில் மே முதல் அக்டோபர். இதை ஒரு தாளில் வரைந்து ஒட்டிக்கொண்டேன். முதல் வருடம் இது தெரியாமல், ரியாவ் ஆட்கள் ராத்திரி பகலாக அலைந்துகொண்டிருந்த வாரத்தில் "ஒரு கேள்விப் படிவம் நிரப்பித் தாருங்கள்" என்று அனுப்பியிருந்தேன். இரண்டு மாதம் யாரும் பேசவில்லை. தீக்காலத்தில் இருப்பவரிடம் எதையும் கேட்கக் கூடாது, அவர் கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டும். எழுதுகிற வேலை, மொழிபெயர்க்கிற வேலை எல்லாம் அப்போது மழையில் இருப்பவருடையது. இப்படி மாற்றிய பிறகுதான் குழு நிலைத்தது.

மொழி பற்றிச் சொல்லாமல் விட்டால் சாமி குத்தமாகிவிடும். மலாயும் இந்தோனேசிய மொழியும் ஒன்றுதானே என்று நினைத்து, முதல் இணையவழிப் பயிற்சிக்கு நானே சுவரொட்டி செய்தேன். கொட்டை எழுத்தில் 'லத்திஹான் பெர்ச்சுமா'. இங்கே அதற்கு இலவசப் பயிற்சி என்று பொருள். அக்கரையில் 'பெர்ச்சுமா' என்றால் வீண். "வீண் பயிற்சிக்கு வாருங்கள்" என்று இருநூறு பேருக்கு அனுப்பியிருக்கிறேன்! மேடான் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அதிலிருந்துதான் எங்கள் முதல் உருப்படியான வேலை பிறந்தது: ஒரு சொற்பட்டியல். நம் போம்பா அங்கே 'டம்கார்'. புகைமூட்டத்துக்கு நம் 'ஜெரெபு' அங்கே 'கபுட் அசாப்'. நம் லாலாங் அங்கே 'அலாங் அலாங்', பிலிப்பைன்ஸில் 'கோகோன்'. பெயர் வேறாக இருந்ததால்தான் ஒரே புல்லைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தோம். தமிழுக்கு வந்தால் இன்னொரு சிக்கல். 'கம்புட்' நிலத்துக்கு என்ன சொல்வது? ஆசிரியை அகராதி பார்த்து ஒரு நீண்ட சொல் சொன்னார், யாருக்கும் புரியவில்லை. கடைசியில் தமிழிலும் கம்புட் என்றே வைத்துக்கொண்டோம்.

அந்தக் கம்புட்டைக் கண்ணால் பார்த்தது 2023 ஏப்ரலில். மலாக்காவிலிருந்து ஃபெர்ரி பிடித்து ரியாவில் இருக்கும் டூமாய் போனேன். மேடான் அண்ணன் அங்கே வந்து அழைத்துப் போனார். தண்ணீரில் மூழ்கி, மக்கி முடியாமல் ஆயிரக்கணக்கான ஆண்டு படிந்த இலையும் வேரும்தான் அந்த மண். கையில் எடுத்தால் ஊறிய தேங்காய் நார் மாதிரி இருக்கிறது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் காய்கிறது. காய்ந்தால் மண்ணே எரிபொருள். தீ தரைக்குக் கீழே புகைந்துகொண்டு நகரும், மேலே ஒன்றும் தெரியாது. வேர் எரிந்த மரம் காற்றில்லாமலே சாயும். ஊர்க்காரர் ஒருவர் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தடியால் குத்திப் பார்த்துத்தான் கால் வைத்தார். சாம்பல் குழிக்குள் இடுப்பு வரை போனவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

அங்கே எனக்குப் பிடித்தது ஒரு சாதாரணக் குழாய். மண்ணில் செங்குத்தாக நட்டு, உள்ளே ஒரு குச்சியை விட்டு நீர்மட்டம் பார்க்கிறார்கள். தண்ணீர் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அது அந்நாட்டு அரசு விதித்த எல்லையும்கூட. போனால் வாய்க்காலில் பலகைத் தடுப்பு போட்டுத் தண்ணீரைத் தேக்குகிறார்கள். தீயணைப்பு என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி அங்கே தண்ணீர்க் கணக்கு. செயற்கைக்கோள் வரைபடத்தையும் அவர்கள் பார்க்கிறார்கள்தான், நாசாவின் ஃபர்ம்ஸ் தளம் இலவசம். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது, நல்ல கருவி என்றாலும், 375 மீட்டர் சதுரம். மேகம் இருந்தால் தெரியாது. தரைக்கடியில் புகைவதும் பல நேரம் தெரியாது. நான் அதுவரை புள்ளிகளை எண்ணி "இன்று உங்கள் பக்கம் இத்தனை தீ" என்று குழுவில் போடுகிறவன். அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

விட்டுவிட்டு வராத இன்னொரு பழக்கம் இருந்தது. திரும்பும் ஃபெர்ரியில், எரிந்துபோன ஒரு தோட்டத் துண்டின் படத்தை ஊர்ப் பெயரோடு முகநூலில் போட்டேன். நல்ல எண்ணம்தான், பாவம் எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் என்று காட்ட. அது பல கை மாறி, யார் கொளுத்தினார்கள் என்ற விசாரணையில் போய் முடிந்தது. அந்த நிலத்துக்காரர் கொளுத்தவில்லை, தீ பக்கத்திலிருந்து வந்தது. இருந்தும் அவர் இரண்டு முறை அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருந்தது. கிராமத்துக் குழு எங்களோடு பேசுவதை நிறுத்தியது. நான் படத்தை நீக்கினேன், மன்னிப்புக் கேட்டேன். மேடான் அண்ணன் எனக்காக அந்த வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசினார். திரும்பச் சேர ஒரு வருடம் ஆனது. இப்போது எங்கள் விதி இது: ஓர் ஊரின் படமோ எண்ணோ அந்த ஊருடையது, அவர்கள் சொல்லாமல் குழுவை விட்டு வெளியே போகாது. முதல் நாளே பேசியிருக்க வேண்டியது. ஒப்பந்தத் தாள் ஒன்றுக்காக ஆறு மாதம் வார்த்தை மாற்றி மாற்றி எழுதினோம், அதில் இது மட்டும் இல்லை.

அந்த ஒப்பந்தத் தாள் என்ன ஆனது என்று கேட்காதீர்கள். பண உதவி தருவதாகச் சொன்ன ஓர் அமைப்பு பேனரும் புகைப்படமும் முதலில் கேட்டது. கிராமத்தோடு உறவு அறுந்து கிடந்த நேரம் அது, நாங்கள் எதைப் படம் எடுத்து அனுப்புவது?

அந்த ஆகஸ்டில்தான் ஹவாயில் லஹைனா ஊர் எரிந்தது. மாவி தீவில் கரும்புத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடி, 2016இல் கடைசி ஆலையும் நின்றுபோக, ஆளில்லாத நிலத்தில் கினியாப் புல் போன்ற அந்நியப் புற்கள் பரவியிருந்தன. மாட்டுத் தீவனத்துக்காகக் கொண்டுவந்த புல். பலத்த காற்றில் ஆகஸ்ட் 8ஆம் தேதி தீ ஊருக்குள் இறங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹவாய்ப் பெண்மணி இரண்டு மாதம் வரவில்லை. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. வந்த அன்று அவர் பேசியது புல்லைப் பற்றி அல்ல, சங்கைப் பற்றி. அங்கே கடலோர எச்சரிக்கைச் சங்கு ஊதினால் மக்கள் சுனாமி என்று நினைத்து மலைப்பக்கம் ஓடுவார்கள், தீ வந்ததோ மலையிலிருந்து, அதனால்தான் ஊதவில்லை என்று அதிகாரி ஒருவர் பிறகு சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பினாங்கிலும் 2004க்குப் பிறகு கடலோரத்தில் சங்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் தாமான் (குடியிருப்பு) கூட்டத்தில் "சங்கு ஊதினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில், மேட்டுக்கு ஓடுவோம். "தீ என்றால்?" ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரமே தெருத்தெருவாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வைத்தோம்: எது என்று முதலில் தெரிந்துகொள், தீ என்றால் சாலை வழியாகக் கீழே.

எல்லாம் இப்படிப் பொருந்தி வராது. ஹவாயில் ஆடு மேய்த்துப் புல்லைக் குறைக்கிறார்கள் என்று கேட்டதும் எங்கள் குழுவில் ஒருவர் துள்ளினார். ஆறு ஆடு இரவல் வாங்கிச் சரிவில் விட்டோம். அவை லாலாங்கை முகர்ந்துவிட்டுப் பக்கத்து ஆச்சியின் மரவள்ளியைத் தின்றன. கினியாப் புல் தீவனம், முற்றிய லாலாங் ரம்பம். அந்த மரவள்ளிக்கு நான் எண்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அன்றிலிருந்து எதைக் கடன் வாங்குவதற்கு முன்னும் நாங்கள் கேட்பது, அங்கே எரிவது எது, இங்கே எரிவது எது என்பதைத்தான்.

பொருந்தி வந்தது பிலிப்பைன்ஸ் வழி. அங்கே கோகோனை வெட்டுவதில்லை, அமுக்குகிறார்கள். வெட்டினால் கிழங்கு வீம்போடு தளிர்க்கும். பலகையால் மடக்கிப் படுக்கவைத்தால் அப்படியே கிடந்து தன் நிழலில் தானே நலிகிறது. படுத்த புல்லில் தீயும் மெதுவாகத்தான் போகும், நடுவில் ஒளிந்திருந்த மரக்கன்றுகளுக்கு வெயில் கிடைக்கும். மரம் நிழல் கட்டிவிட்டால் லாலாங் கதை முடிந்தது. செய்முறை எளிது. மூன்றடிப் பலகை, இரண்டு முனையிலும் கயிறு, கயிறு தோளில். பலகையைப் புல்லின் இடுப்பில் வைத்து மிதித்து ஏற வேண்டும். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நாங்கள் முதலில் செய்தது ஜனவரியில், காய்ந்த நேரத்தில். பாதி நிமிர்ந்துவிட்டது, பாதி ஒடிந்தது. மழை தொடங்கி, புல் ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து சாறோடு இருக்கும்போது செய்ய வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. 2024 ஏப்ரலில் மறுபடி செய்தோம், அதற்கு முன் கன்றுகளுக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டிவிட்டு. முதல் முறை மூன்று கன்றை நானே மிதித்திருந்தேன். இப்போது அந்தச் சரிவில், ஒரு பூப்பந்தாட்ட மைதானம் அளவு இடத்தில், தோள் உயரத்துக்கு மகாங் மரம் நிற்கிறது. அவ்வளவுதான் எங்கள் சாதனை. மிச்ச மலை அப்படியேதான் இருக்கிறது.

டூமாய்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருவர் சென்ற வருடம் வந்து இதைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் படத்தில் இருந்த நிலத்துக்காரரின் தம்பி. பலகையைத் தோளில் மாட்டி இரண்டு வரிசை அமுக்கிவிட்டு, "இது கம்புட்டில் நடக்காது, ஆனால் என் மாமனார் மேட்டு நிலத்துக்கு ஆகும்" என்றார். படத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள்.

போன மாதம் பதுளை ஆசிரியையிடமிருந்து குரல் பதிவு வந்தது. அவர் ஊர்ப் புல்வெளிகளில் மாடு மேய்க்கக் கொழுந்துப் புல் வேண்டும் என்று கொளுத்துவது பழைய வழக்கம், அது தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் இறங்கிவிடுகிறது. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் துண்டில் பலகையை முயன்று பார்க்கப் போவதாகச் சொன்னார். "அண்ணா, பலகை எத்தனை அடி? மானாப்புல்லு மடங்குமா?" மூன்றடி என்றேன். மானாப்புல்லை நான் தொட்டதே இல்லை, நீங்கள் செய்து பார்த்துச் சொல்லுங்கள், மழை பெய்த பிறகு செய்யுங்கள் என்றேன்.

நேற்றுப் பதில் வந்தது. பின்னணியில் பிள்ளைகள் கத்துகிற சத்தம். "மடங்குது அண்ணா, கொஞ்சம் பிடிவாதம்தான். ஆனா கயிறு தோளை அறுக்குது, நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?"

வேலை முடிந்து வந்ததும், பழைய குளியல் துண்டைச் சுற்றித் தைத்த என் கயிற்றைப் படம் எடுத்து அனுப்பினேன்.